தீர்ப்புக்கு முந்திய வேலை: சட்ட மாணவரும் பொதுநலச் சுற்றுச்சூழல் சட்டமும்

1. கேள்வி

இந்தியாவில் சட்டம் படிக்கும் எவரும் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்காமல் பட்டம் பெற முடியாது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் அதைக் கட்டாயப் பாடங்களின் வரிசையில் வைத்திருக்கின்றன. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் (1974), காற்று மாசுத் தடுப்புச் சட்டம் (1981), சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் (1986) ஆகியவற்றை ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவமாவது படித்துத் தேர்வெழுதுகிறார். ஆனாலும், நுரை கட்டிய கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரும் ஒரு விவசாயிக்குத் தன் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இத்துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது.

எல்லோரும் படித்துவிட்டு வரும் ஒரு துறைக்கு ஏன் இவ்வளவு குறைவானவர்களே போய்ச் சேருகிறார்கள்? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு: மாணவர்களுக்குச் சமூக அக்கறை குறைந்துவிட்டது, அத்துறையில் வருமானம் இல்லை. முதல் விடையில் நியாயம் இல்லை. மாணவர் பலர் அக்கறையோடுதான் வருகிறார்கள். இரண்டாவதில் உண்மை உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். இக்கட்டுரை மூன்றாவதாக ஒரு காரணத்தை முன்வைக்கிறது. நம் சட்டக் கல்வி தீர்ப்புகளைக் கற்பிக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளின் வெற்றி தோல்வியோ, பெரும்பாலும், நீதிமன்றத்துக்கு வெகு முன்பே உருவாகிவிடும் ஆவணங்களில் முடிவாகிவிடுகிறது. அந்த ஆவணங்களைப் படிக்கவும் உருவாக்கவும் தெரியாத மாணவர், சட்டக் கோட்பாடுகளை மனப்பாடமாக அறிந்திருந்தாலும் இந்தத் துறையின் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

2. இதுவரையான புரிதல்கள்

பொதுநலச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் பற்றி இரண்டு மரபுகள் எழுதிவந்திருக்கின்றன. ஒன்று, சாதனை மரபு. 1983இல் டேராடூன் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் குவாரிகள் பற்றி ஓர் அமைப்பு எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1985 டிசம்பரில் தில்லியின் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், அபாயகரமான தொழிலை நடத்துபவர் எந்த விலக்கும் கோர முடியாத முழுப் பொறுப்புக்கு உரியவர் என்று நீதிமன்றம் சொன்னது. இவ்வழக்கையும் தாஜ்மகாலைச் சுற்றிய மாசு குறித்த வழக்கையும் தொடுத்த எம்.சி. மேத்தா, பல தலைமுறை மாணவர்களுக்கு இத்துறையின் முகமாகவே ஆகிவிட்டார். துணிந்த ஒரு வழக்கறிஞரும் அஞ்சாத ஒரு நீதிபதியும் இருந்தால் ஆறு பிழைக்கும் என்பதே இம்மரபின் வழி மாணவருக்குக் கிடைக்கும் செய்தி.

மற்றொன்று, விமர்சன மரபு. லாவண்யா ராஜாமணி 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தில்லியின் வாகனப் புகை, திடக்கழிவு வழக்குகளை எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தை அணுக முடிந்தவர் யார், பேச முடிந்தவர் யார் என்று கேட்டது. அனுஜ் புவானியா 2017இல் வெளியிட்ட நூல் இன்னும் கடுமையானது. நடைமுறை விதிகளைத் தளர்த்திக்கொண்ட பொதுநல வழக்கு, பாதிக்கப்படும் மனிதர்களைக் கேட்காமலேயே அவர்களுடைய வீட்டையும் வேலையையும் பறிக்கும் கருவியாகத் தில்லியில் மாறியது என்பது அவர் வாதம்.

இரண்டு மரபுகளும் உச்ச நீதிமன்றத்தையே மையமாகக் கொண்டவை. மாணவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை. அதற்கு உதவக்கூடியது, சட்டச் சமூகவியலாளர் மார்க் கலான்டர் 1974இல் எழுதிய, உடையவர் எவ்வாறு முந்துகிறார் என்பதை ஆராயும் கட்டுரை. வழக்காடுபவர்களை அவர் இரண்டாகப் பிரித்தார்: நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வருபவர்கள் ஒரு வகை, வாழ்நாளில் ஒருமுறை வருபவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரிடம் பழைய கோப்புகள் இருக்கும், படிவங்கள் பழகியிருக்கும், ஆலோசகர்கள் இருப்பார்கள். ஒரு வழக்கில் தோற்றாலும் அடுத்ததில் சரிசெய்துகொள்வார்கள். சுரங்க நிறுவனம், மின் கழகம், துறைமுகம் ஆகியவை முதல் வகை. அவற்றின் எதிரே நிற்கும் ஊராட்சி இரண்டாம் வகை. பொதுநலச் சுற்றுச்சூழல் வழக்கறிஞரின் முதல் பணியை இங்கிருந்து வரையறுக்கலாம்: ஒருமுறை மட்டுமே வழக்காட வரும் மக்களின் நினைவுக் கிடங்காக இருப்பது. அதற்கான பயிற்சி என்ன என்பதை இரண்டு வழக்குகளின் வழியே பார்க்கலாம்.

3. பாலாற்று வழக்கு: எண்கள் எங்கிருந்து வந்தன?

பாலாற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அறியாத சட்ட மாணவர் இல்லை. நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு மூன்றும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. தேர்வுத்தாளில் இம்மூன்றையும் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

தீர்ப்பின் முற்பகுதியை மாணவர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார். வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற கணிப்பு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்திலிருந்து வந்தது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகப் போய்க் கணக்கெடுத்திருந்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தமிழ்நாட்டுச் சட்ட உதவி வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில் இரண்டு வழக்கறிஞர்கள் நேரில் சென்று பார்த்து அறிக்கை தந்திருந்தார்கள். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ரசாயனம் கலந்த 40 லிட்டர் நீர் தேவைப்படுகிறது என்ற விவரம் அந்த அறிக்கையில் இருந்தது.

இந்த மூன்று ஆவணங்களில் எதையும் உருவாக்க உச்ச நீதிமன்ற வாதத்திறன் தேவைப்படவில்லை. நோட்டுப் புத்தகத்தோடு ஊர் ஊராகப் போகவும், கிணற்றின் உரிமையாளர் பெயர், ஆழம், கெட்டுப்போன ஆண்டு, ஆலையிலிருந்து தொலைவு என்று பத்தி பிரித்து எழுதவும் தெரிந்திருந்தால் போதும். சட்டத்தின் மூன்று பெரும் கோட்பாடுகள் அந்தக் கிணற்றுக் கணக்கின்மேல்தான் எழுந்தன.

தீர்ப்புக்குப் பிந்திய வரலாறும் இதையே சொல்கிறது. நீதிமன்ற ஆணைப்படி அமைக்கப்பட்ட சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல் பாதிக்கப்பட்டவர்களைப் பட்டியலிட்டு இழப்பீட்டைக் கணக்கிட்டது. ஆனாலும் ஆறு மீளவில்லை. இழப்பீடும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எஞ்சிய இழப்பீட்டை அரசு வழங்கிவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றின் நிலையைக் கண்காணிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. மனு 1991ஆம் ஆண்டுக்கு உரியது. நடுவில் கழிந்த 34 ஆண்டுகளில் ஒரு விவசாயிக்கு மிகவும் தேவைப்பட்டது, பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா, சர்வே எண் சரியா, தொகை எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஆள். எந்தப் பாடத்திட்டமும் இந்த வேலையைச் சட்டப் பணி என்று அங்கீகரிப்பதில்லை.

4. மேற்கோளாக வாழும், தோற்றுப்போன ஒரு வழக்கு

மாசற்ற நீரும் காற்றும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்பதற்கு மாணவர்கள் எடுத்துக்காட்டும் வழக்கு சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் (1991). அந்த மனு தள்ளுபடியானது என்பதும், மனுதாரர் 5,000 ரூபாய் செலவுத்தொகை கட்ட வேண்டியிருந்தது என்பதும் வகுப்பறையில் அரிதாகவே பேசப்படுகின்றன.

பொக்காரோ ஆற்றில் நிலக்கரிக் கழிவுக் குழம்பு கலக்கிறது என்பது குற்றச்சாட்டு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் பிரமாணப் பத்திரத்தில், தான் கண்காணித்துவருவதாகவும் மாசு தடுக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னது. அதை மறுக்கும் சான்று மனுதாரரிடம் இல்லை. அதோடு, அவர் அதே நிறுவனத்திடம் அந்தக் கழிவுக் குழம்பை வாங்கி வியாபாரம் செய்துவந்தவர் என்பதும், கூடுதலாகக் கேட்டுக் கிடைக்காததால் மனக்கசப்பு கொண்டவர் என்பதும் வெளிப்பட்டன. உரிமையை உயர்த்திப் பேசிய அதே தீர்ப்பு, மனு பொதுநலனுக்கானதன்று என்று முடித்துவைத்தது.

இதிலிருந்து மாணவர் கற்க வேண்டியவை இரண்டு. வாரியத்தின் பிரமாணப் பத்திரம்தான் வழக்கின் ஈர்ப்பு மையம். அதற்கு எதிரே வைக்கும் சான்று இல்லையென்றால் 21ஆம் உறுப்பு மட்டும் வழக்கைக் காப்பாற்றாது. அடுத்தது, மனுதாரர் யார், அவருக்கு என்ன தொடர்பு, அவருடைய கணக்கு வழக்கு என்ன என்பதை வழக்கறிஞர் முதலில் விசாரித்தறிய வேண்டும். இல்லையேல் ஓர் ஊரின் உண்மையான துயரமும் ஒருவரின் பகையாகப் படிக்கப்பட்டுவிடும்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு கோவாவின் மோபா விமான நிலைய வழக்கு. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. திட்டத்தை முன்வைத்தவர் விண்ணப்பப் படிவத்தில் வெளியிட வேண்டிய தகவல்களை வெளியிடவில்லை என்பதே அடிப்படை. திட்ட எல்லையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் உள்ள காடுகளையும் சூழல் உணர்வுமிக்க பகுதிகளையும் அப்படிவம் கேட்கிறது. கேட்டதையும் சொன்னதையும் நிலத்தில் இருப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்களால்தான் அந்த வழக்கு நின்றது. 2020 ஜனவரியில், மறு ஆய்வுக்கும் கூடுதல் நிபந்தனைகளுக்கும் பிறகு திட்டம் அனுமதிக்கப்பட்டது. ஆனாலும் படிவத்தில் உண்மை சொல்வது சடங்கன்று, சட்டக் கடமை என்ற கொள்கை நிலைத்துவிட்டது.

5. பாடத்திட்டம் தருவதும் தராததும்

பார் கவுன்சில் விதிகளில் நடைமுறைப் பயிற்சிக்கு இடமில்லாமல் இல்லை. வரைவு எழுதுதல், தொழில் நெறி, மாற்று முறைத் தகராறுத் தீர்வு, மாதிரி நீதிமன்றம் ஆகிய நான்கும் கட்டாயம். மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரமும் ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். அதைத் தன்னார்வ அமைப்பிலோ உள்ளாட்சி மன்றத்திலோகூடச் செய்யலாம் என்று விதியே சொல்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்றும் இருக்கிறது.

சிக்கல் அவற்றின் உள்ளடக்கத்தில் இருக்கிறது. மாதிரி நீதிமன்றத்தில் உண்மைகள் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றன. 'ஆலை ஆற்றில் கழிவைக் கலந்தது' என்ற வரியை ஏற்றுக்கொண்டுதான் மாணவர் வாதத்தைத் தொடங்குகிறார். நிஜ வழக்கில் நிறுவ வேண்டியதே அந்த வரிதான்.

அதை எப்படி நிறுவுவது? நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஆலையின் கழிவுநீர் மாதிரியை வாரிய அலுவலர் எடுக்க வேண்டும். ஆய்வுக்கு அனுப்பப்போவதாக ஆலைக்காரருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒழுங்கு தவறினால், சட்ட நடவடிக்கையில் அந்த ஆய்வு முடிவு சான்றாக நிற்காது. அப்படியென்றால் விவசாயி பாட்டிலில் பிடித்துவந்த நீருக்கு மதிப்பே இல்லையா? உண்டு. அப்பிரிவின்படியான சான்றாக அது நிற்காது. கள ஆய்வு கோருவதற்கான காரணமாக நிற்கும். அதைத் தனியார் ஆய்வகத்தில் சோதித்து, முடிவோடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகினால், தீர்ப்பாயம் கூட்டுக் குழுவை அனுப்பி அதிகாரபூர்வமாக மாதிரி எடுக்கச் சொல்லலாம். இந்த வேறுபாடு தெரியாத இளம் வழக்கறிஞர் ஒன்று பாட்டிலைத் தூக்கி எறிவார், அல்லது அதை மட்டுமே நம்பி வழக்கில் தோற்பார்.

காலக் கணக்கும் அப்படித்தான். 2010ஆம் ஆண்டுப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின்படி, சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். பிற தகராறுகளுக்கு ஆறு மாதமும் அதன்மேல் 60 நாளும். அதைத் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. அனுமதி இணையத்தில் வெளியான செய்தி ஊருக்குத் தெரிய வருவதற்குள் கெடுவின் பெரும்பகுதி போய்விடுகிறது. வாரம் ஒருமுறை அமைச்சகத்தின் தளத்தைத் திறந்து, தன் மாவட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு மாணவர், ஒரு நல்ல மேல்முறையீட்டு வாதத்தைவிடப் பெரிய உதவியைச் செய்துவிடக்கூடும்.

6. கருத்துக்கேட்புக் கூட்டம் என்ற பயிற்சிக்களம்

சட்ட மாணவர் இத்துறைக்குள் நுழைய மிகத் தகுந்த இடமாக நான் கருதுவது, 2006 செப்டம்பர் 14ஆம் நாள் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமையேற்பார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதன் சுருக்கம் வட்டார மொழியில் இருக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில், சொல்லப்பட்ட கருத்துகளின் தொகுப்பை வட்டார மொழியில் படித்துக்காட்டி, ஏற்கப்பட்ட பதிவேட்டில் தலைமை வகித்தவர் கையொப்பமிட வேண்டும்.

நடைமுறையில், பந்தலுக்கு வெளியே போலீஸ் நிற்கும். முன்வரிசையில் திட்டத்தை ஆதரிப்பவர்கள் இருப்பார்கள். மைக் கைமாறிக்கொண்டே இருக்கும். கோபமும் கைதட்டலும் கலந்து ஒலிக்கும். 'வேண்டாம்' என்று நூறு பேர் முழங்கினாலும் பதிவேட்டில் அது ஒரு வரியாகிவிடும். ஆனால் ஒருவர் எழுந்து, 'அறிக்கையின் இந்தப் பக்கத்தில் எங்கள் ஏரி தரிசு நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இதோ கிராம வரைபடம், இதோ அடங்கல்' என்று எழுத்தில் கொடுத்தால், அதை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது. காரணம், உத்கர்ஷ் மண்டல் வழக்கில் 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் வகுத்த நெறி: கூட்டத்தில் எழுந்த ஆட்சேபங்களை நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும், ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதப்படாத ஆட்சேபம் பின்னாளில் மேல்முறையீட்டின் முதல் காரணமாகிறது. ஆக, தீர்ப்பாயத்தில் நடக்கப்போகும் வாதத்தின் முதல் பத்தி அந்தப் பந்தலிலேயே எழுதப்படுகிறது.

மொழியின் எடை இங்கேதான் முழுமையாகத் தெரியும். சுருக்கம் மட்டுமே தமிழில் கிடைக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். 2020 மார்ச்சில் வெளியான தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது; அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதைத் தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று ஆணையிட வேண்டியிருந்தது. அறிக்கையின் நீரியல் அத்தியாயத்தைத் தமிழில் ஊருக்கு விளக்குவதும், ஊர் சொல்வதைச் சட்டத்தின் ஆங்கிலத்தில் எழுதுவதும் இருவழிப் பணி. அரசுக் கல்லூரியில் தமிழ்வழிப் பின்னணியோடு வரும் மாணவர் தன் ஆங்கிலத்தை நினைத்துக் கூசுகிறார். இந்தத் துறையிலோ அவருடைய தமிழும், அவருக்கு மட்டுமே தெரிந்த வாய்க்கால், மடை, புறம்போக்கு, நத்தம் பற்றிய அறிவும் முதன்மைத் தகுதிகள்.

உள்ளூர் மன்றங்களும் மறக்கப்பட்டிருக்கின்றன. ரத்லாம் நகராட்சி வழக்கு (1980) உச்ச நீதிமன்றம்வரை போனதால் புகழ்பெற்றது. அதன் தொடக்கம் ஒரு வார்டின் குடியிருப்பாளர்கள் சாக்கடை நாற்றம் தாளாமல் நடுவரிடம் கொடுத்த, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவின் கீழான மனு. அப்பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக இருக்கிறது. கோட்டாட்சியரிடம் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம். சட்டம் படிக்கும்போதே ஒரு மாணவர் தன் ஊர் மக்களோடு சேர்ந்து எழுதக்கூடிய மனு அது.

7. எந்தப் பொது?

இங்கே விமர்சன மரபின் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. 1996இல் தில்லியில் அபாயகரமான 168 தொழிற்சாலைகளை மூடவோ இடம் மாற்றவோ உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அங்கிருந்து தொடர்ந்த மூடல்களில் தொழிலாளர்களின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு வலுவானது. நடுத்தர வர்க்கம் கேட்கும் தூய காற்றுக்கு உழைக்கும் மக்கள் வேலையை விலையாகக் கொடுக்க நேரும்போது, 'பொதுநலம்' என்ற அடைமொழியை நாம் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பாலாற்றுப் படுகையிலும் இதே கேள்வி உண்டு. தோல் தொழிலில் உழைப்பவர்களும் அதே நீரைக் குடிப்பவர்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். மாசுக்குத் தீர்வு என்று கட்டப்பட்ட அமைப்பே அவர்களைக் கொன்றது. விவசாயியின் கிணற்றைக் கணக்கெடுத்த நோட்டில் தொழிலாளியின் படுக்கையிடத்துக்கும் ஒரு பத்தி இருந்திருக்க வேண்டும்.

ஆகவே பொதுநல வழக்கறிஞர் தன்னை 'இயற்கையின் குரல்' என்று நினைத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. அவருக்குக் கட்சிக்காரர்கள் உண்டு. அவர்களுக்குப் பெயரும் ஊரும் கருத்து வேறுபாடும் உண்டு. கிராம சபையில் எதிர்த்துப் பேசுபவரையும் கேட்டுவிட்டு, சமரசம் வேண்டுமா, மூடல் வேண்டுமா, இழப்பீடு வேண்டுமா என்பதை அவர்களே முடிவு செய்ய விடுவது தொழில் நெறி. புவானியாவின் விமர்சனத்துக்கு நேர்மையான மறுமொழி பொதுநல வழக்கைக் கைவிடுவதில் இல்லை. நடைமுறையையும் சான்றையும் கட்சிக்காரரின் சம்மதத்தையும் அதற்குள் மீண்டும் கொண்டுவருவதில் இருக்கிறது.

8. பிழைப்பு

வருமானக் கேள்வியை அறிவுரையால் கடக்க முடியாது. வேலூர் தீர்ப்பின் முடிவில், எம்.சி. மேத்தாவின் கட்டணத்துக்கும் கைச்செலவுக்குமாக 50,000 ரூபாய் தரும்படி தமிழ்நாடு அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாட்டின் முன்னணிச் சுற்றுச்சூழல் வழக்கறிஞருக்கு, ஐந்தாண்டுகள் நடந்த வழக்கில், நீதிமன்றமே மனமுவந்து அளித்த தொகை அது. முதல் தலைமுறைப் பட்டதாரியான ஒரு ஜூனியர் இந்தக் கணக்கைப் பார்த்துத் தயங்கினால் அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

சில கதவுகள் திறந்திருக்கின்றன. பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 125) மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வழிசெய்யும்படி கூறியது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நிறுவன வடிவங்களும் உண்டு: ரித்விக் தத்தாவும் ராகுல் சௌத்ரியும் 2005இல் தில்லியில் தொடங்கிய 'லைஃப்' என்ற வழக்கறிஞர் அமைப்பு 2021இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றது.

சில கதவுகள் மூடியும் வருகின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், அமைப்புகள் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பைப் பாதியிலிருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது. ஓர் அமைப்பு பெற்றதை இன்னோர் அமைப்புக்குப் பகிர்வதையும் தடைசெய்தது. அந்த நிதியை நம்பிய அமைப்புகளுக்கு, நிலையான சம்பளத்தில் இளம் வழக்கறிஞர்களை வைத்துக்கொள்வது கடினமாகிவிட்டது. எனவே உரிமையியல், குற்றவியல் வழக்குகளைப் பிழைப்புக்கு வைத்துக்கொண்டு, சுற்றுச்சூழல் வழக்குகளைச் சேர்த்து நடத்தும் கலப்பு வழியே மாவட்ட அளவில் நடைமுறைக்கு ஏற்றது. இதை இரண்டாந்தரப் பாதை என்று கருத வேண்டியதில்லை. பட்டா வழக்கும் பாகப்பிரிவினை வழக்கும் நடத்துபவருக்கு நில ஆவணம் கைவந்த கலை. சுற்றுச்சூழல் வழக்குக்கும் அதே ஆவணம்தான் அடித்தளம்.

9. முடிவுரை

சட்டக் கல்வி விதிகளைத் திருத்தாமலேயே செய்யக்கூடிய மூன்று மாற்றங்களை இந்த ஆய்விலிருந்து முன்வைக்கிறேன்.

முதலாவது, இன்டர்ன்ஷிப்பைப் பற்றியது. தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கான முன்னறிவிப்புக் காலமும் ஏறத்தாழ அவ்வளவே. அறிவிப்பு வந்த நாளில் ஒரு மாணவர் குழுவை அந்த ஊருக்கு அனுப்பினால், அறிக்கையைப் படிப்பது, நிலத்தோடு ஒப்பிடுவது, ஆட்சேபம் எழுதுவது, கூட்டப் பதிவேட்டைச் சரிபார்ப்பது என்ற முழுச் சுற்றையும் அவர்கள் ஒரே பயிற்சியில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, சட்ட உதவி மையங்களைப் பற்றியது. அனுமதி பெற்ற ஒவ்வொரு திட்டமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். தங்கள் மாவட்டத்தின் அறிக்கைகளைத் திரட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விடுபட்டவற்றைக் கேட்டு வாங்கி, ஆண்டுக்காண்டு அடுத்த வகுப்பினரிடம் ஒப்படைக்கும் மையம், கலான்டர் சொன்ன சமமின்மையைக் கொஞ்சமேனும் ஈடுகட்டும். மாணவர் மாறலாம், கோப்பு மாறாமல் இருக்கும்.

மூன்றாவது, ஆசிரியர்களைப் பற்றியது. வழக்கறிஞர்கள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்வரை சட்டம் கற்பிக்க 1979ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. தீர்ப்பாயத்தில் நாள்தோறும் நிற்பவர்களை அந்த இடத்தின் வழியே வகுப்புக்குள் கொண்டுவரலாம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: சட்டமே நிலையில்லாதபோது ஆவணப் பயிற்சியால் என்ன பயன்? இறால் பண்ணைகள் குறித்து, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் கிடைத்த தீர்ப்பின் தடையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. முன் அனுமதியின்றித் தொடங்கிய திட்டங்களுக்குப் பிற்பாடு அனுமதி தரக் கூடாது என்று 2025 மே மாதம் வந்த தீர்ப்பை, நவம்பரில் உச்ச நீதிமன்றமே 2க்கு 1 என்ற பெரும்பான்மையில் திரும்பப் பெற்றது. மறுப்பு உண்மையான நிலைமையைச் சுட்டுகிறது. ஆனால் அது இக்கட்டுரையின் வாதத்தையே வலுப்படுத்துகிறது. கோட்பாடுகள் மாறும், ஒருமுறை ஒழுங்காகப் பதிவான உண்மை, எந்தக் கோட்பாட்டின் கீழும் மீண்டும் வாதிடக்கூடியதாக எஞ்சும். பாலாற்று வழக்கின் கிணற்றுக் கணக்கு இல்லாதிருந்தால் 1996இன் கோட்பாடுகளுக்கும் 2025இன் ஆணைக்கும் நிற்கத் தரை இருந்திருக்காது. பொதுநலச் சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் போக விரும்பும் மாணவர் உச்ச நீதிமன்றப் படியேறும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டிலேயே, தன் மாவட்டத்தின் ஓர் அனுமதிக் கடிதத்தை எடுத்து, அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நிலத்தில் போய்ச் சரிபார்க்கத் தொடங்கலாம். அந்த வேலையைச் சட்டப் பணியாக மதித்து மதிப்பெண்ணும் ஊதியமும் தருவது கல்லூரிகளும் வழக்கறிஞர் சமூகமும் செய்ய வேண்டிய கடமை.